ஆஸ்துமா: கல்லூரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆஸ்துமா என்றால் என்ன என்று கேட்டால் பெரும்பாலான கல்லூரி மாணவர்கள் தயங்காமல் பதில் சொல்வார்கள். மூச்சு வாங்கும், நெஞ்சில் விசில் போலச் சத்தம் கேட்கும், தூசியும் புகையும் ஆகாது என்பார்கள். எல்லாம் சரி. மூச்சுத் திணறல் இல்லாத நாளில் ஆஸ்துமாக்காரர் என்ன செய்ய வேண்டும் என்று அடுத்துக் கேட்டால்தான் தடுமாறுவார்கள். "ஒன்றும் செய்ய வேண்டாம், வரும்போது இன்ஹேலர் அடித்தால் போதும்" என்பதே பலருடைய பதில். வீட்டை விட்டு விடுதிக்கு வந்து, மாத்திரையை நினைவூட்ட யாரும் இல்லாத வயதில், இந்த எண்ணம் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். கீழே உள்ள கேள்விகளில் பாதி ஆஸ்துமா உள்ள மாணவர்கள் கேட்பவை. மீதி அவர்களோடு படிப்பவர்களும் அறையில் உடன் தங்குபவர்களும் கேட்பவை.

மாணவர்களின் ஆஸ்துமா அறிவை எப்படி அளக்கிறார்கள்? அதில் என்ன தெரிகிறது?

வினாத்தாள் கொடுத்துத்தான். ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் 1990இல் வெளியான 31 கேள்விகள் கொண்ட வினாத்தாள் இவற்றில் பெயர் பெற்றது. ஆஸ்துமா உள்ள குழந்தைகளின் பெற்றோருக்காக உருவான அதைப் பிறகு வேறு பலரிடமும் பயன்படுத்தினார்கள். அறிகுறிகள் என்ன, எதனால் தூண்டப்படும், எந்த மருந்து எதற்கு, விளையாடலாமா என்றெல்லாம் அது கேட்கும்.

இப்படிப்பட்ட ஆய்வுகளில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிதான் தெரிகிறது. அறிகுறி, தூசி, புகை பற்றிய கேள்விகளுக்குச் சரியான விடை வருகிறது. தினமும் எடுக்க வேண்டிய தடுப்பு மருந்து, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டின் பக்க விளைவு, திணறல் வந்தவருக்கு முதல் சில நிமிடங்களில் செய்ய வேண்டியவை என்று வந்தால் தடுமாறுகிறார்கள். மதிப்பெண்ணைக் காட்டிலும் மனப்பான்மை முக்கியம் என்பது என் கருத்து. எல்லா விடையும் தெரிந்த மாணவரும், நண்பர்கள் பார்க்கிறார்கள் என்று இன்ஹேலரைப் பையிலேயே வைத்துக்கொண்டால் அந்த அறிவால் பயனில்லை.

உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது?

மூச்சுக்குழாய்களின் உட்சுவர் நாள்பட அழற்சியோடு, அதாவது லேசாக வீங்கிச் சிவந்தபடி, இருக்கிறது. அந்தச் சுவருக்கு எதுவும் எளிதில் ஒவ்வாது. சளிக் கிருமியோ புகையோ குளிர்ந்த காற்றோ பட்டால் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, வீக்கம் கூடுகிறது, சளி சுரந்து வழியை அடைக்கிறது. மூன்றும் சேர்ந்துதான் திணறல். தசை இறுகுவதைச் சில நிமிடங்களில் தளர்த்திவிடலாம். வீக்கம் அப்படி வடியாது, நாட்கணக்கில் ஆகும். ஆஸ்துமா மருத்துவம் முழுவதும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. திணறல் நின்றுவிட்டதால் வீக்கமும் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகம் முழுவதும் சுமார் 26.2 கோடிப் பேருக்கு ஆஸ்துமா இருந்தது. அந்த ஆண்டு சுமார் 4.55 லட்சம் பேர் அதனால் இறந்தார்கள்.

தேர்வு சமயத்தில்தான் எனக்கு வருகிறது. அப்படியானால் இது மனம் சம்பந்தப்பட்டதுதானே?

இல்லை. இந்த எண்ணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1950 வாக்கில் உளப்பகுப்பாய்வாளர் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர் மனப்போராட்டத்தால் வரும் நோய்கள் என்று ஏழு நோய்களைப் பற்றிப் பேசினார். ஆஸ்துமா அவற்றில் ஒன்று. அழற்சிதான் அடிப்படை என்று பின்னர் தெளிவானது. ஆனாலும் "டென்ஷன் ஆகாதே, சரியாகிவிடும்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏற்கெனவே திணறுகிறவருக்கு, தானே வரவழைத்துக்கொண்டது என்ற குற்ற உணர்வையும் அது சேர்த்துக் கொடுக்கிறது.

மன அழுத்தம் ஆஸ்துமாவை உண்டாக்குவதில்லை, இருக்கும் ஆஸ்துமாவைக் கிளறிவிடும். தேர்வுக் காலத்தில் வேறு சிலவும் கூடவே நடக்கின்றன. தூக்கம் கெடுகிறது. காலையும் இரவும் எடுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலர் மறந்துபோகிறது. ஒரே அறையில் பலர் அடைந்து படிப்பதால் ஒருவரின் சளி எல்லோருக்கும் வருகிறது. ஆஸ்துமா திடீரென மோசமாவதற்கு மிகப் பெரிய காரணம் சளிக் காய்ச்சல் வைரஸ்கள்தான். ஆகவே "தேர்வு பயம்" என்று ஒதுக்குவதற்கு முன், கடந்த இரண்டு வாரம் மருந்து ஒழுங்காக எடுத்தீர்களா, சளி பிடித்ததா என்று பாருங்கள்.

அறையில் கூடத் தங்குபவருக்கு ஆஸ்துமா. எனக்கும் ஒட்டிக்கொள்ளுமா?

ஒட்டாது. அவருடைய தட்டில் சாப்பிடலாம், அவர் படுக்கையில் படுக்கலாம்.

சின்ன வயதில் இருந்தது, பத்தாம் வகுப்போடு போய்விட்டது. இப்போது எனக்கு ஆஸ்துமா இல்லை அல்லவா?

இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. பதின்வயதில் பலருக்கு அறிகுறிகள் ஓய்ந்துவிடுவது உண்மை. சிலருக்கு அப்படியே போய்விடுகிறது. வேறு சிலருக்கு மூச்சுக்குழாயின் கூருணர்வு உள்ளே இருந்துகொண்டே இருந்து, இருபதுகளிலோ அதற்குப் பிறகோ திரும்பி வருகிறது. ஊர் மாறுவது, ஈரம் படிந்த விடுதி அறை, புகைப்பழக்கம், புதிய வேலை இவற்றில் ஏதாவது ஒன்று போதும். குழந்தையாக இருந்தபோது ஒரு தொந்தரவும் இல்லாதவருக்குப் பெரியவரான பின் முதல் முறையாக வருவதும் உண்டு.

விடுதிக்குப் போனதிலிருந்து இரவில் இருமுகிறீர்கள், மாடி ஏறினால் மற்றவர்களைவிட அதிகமாக இளைக்கிறது, சளி பிடித்தால் இருமல் வாரக்கணக்கில் நீள்கிறது என்றால் மருத்துவரிடம் பழைய கதையைச் சொல்லுங்கள். ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை செய்வார்கள். முதலில் ஒரு முறை ஊதி, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை எடுத்துக்கொண்டு மறுபடி ஊத வேண்டும். முதல் நொடியில் வெளியேறும் காற்றின் அளவு 12 விழுக்காடும் 200 மில்லி லிட்டரும் கூடினால் அது ஆஸ்துமாவுக்கு ஆதரவான சான்று. நல்ல நாளில் ஊதினால் முடிவு சாதாரணமாகவே வரலாம். அதை வைத்து மட்டும் ஆஸ்துமா இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

என்னிடம் நீல நிற இன்ஹேலர் இருக்கிறது. வந்தால் அடித்துக்கொள்கிறேன். அது போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்த விடையைப் படித்துவிடுங்கள்.

பெரும்பாலும் நீல நிறத்தில் வரும் சால்ப்யூட்டமால் இன்ஹேலர் இறுகிய தசையைத் தளர்த்தும். சில நிமிடங்களில் பலன் தெரியும், நான்கு முதல் ஆறு மணி நேரம் இருக்கும். வீக்கத்தை அது தொடுவதே இல்லை. நன்றாகவும் வேகமாகவும் வேலை செய்வதால் நோய் கட்டுக்குள் இருப்பதாக நம்ப வைக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் ஆபத்து இருக்கிறது. உள்ளே அழற்சி கூடக் கூட அடிக்கும் தடவையும் கூடும். ஒரு நாள் அடித்தும் விரியாத நிலை வரும்.

பிரிட்டனில் ஆஸ்துமாவால் இறந்த 195 பேரின் மருத்துவ வரலாற்றை நிபுணர்கள் ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2014இல் அறிக்கை வெளியிட்டார்கள். மருந்துச்சீட்டு விவரம் கிடைத்தவர்களில் 39 விழுக்காட்டினருக்கு, இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் 12க்கும் மேற்பட்ட நிவாரண இன்ஹேலர்கள், அதாவது நீல இன்ஹேலர் போன்றவை, எழுதித் தரப்பட்டிருந்தன. அதாவது மாதம் ஒன்றுக்கு மேல். இறந்தவர்களில் 45 விழுக்காட்டினர் உதவி கேட்காமலேயே, அல்லது உதவி வந்து சேர்வதற்கு முன்பே போய்விட்டார்கள். நோயின் தீவிரத்தைக் கணிக்க முடிந்தவர்களில் பாதிக்கும் மேலானோருக்கு இருந்தது லேசான அல்லது நடுத்தர ஆஸ்துமாதான். "எனக்கு லேசாகத்தான் இருக்கிறது" என்று நினைத்துக்கொண்டிருக்கும் மாணவர் இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1993இல் தொடங்கப்பட்ட ஜினா என்ற உலகளாவிய ஆஸ்துமா அமைப்பு மருத்துவர்களுக்கான வழிகாட்டுதலை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறது. வளரிளம் பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும் சால்ப்யூட்டமால் போன்ற மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்று 2019இல் அது சொன்னது. லேசான ஆஸ்துமாவுக்கும் இது பொருந்தும். வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டை ஏதாவது ஒரு வடிவில் உள்ளிழுத்தே ஆக வேண்டும்.

தினமும் மருந்து எடுக்க எனக்கு நினைவிருக்காது. வேறு வழி இல்லையா?

இருக்கிறது, பல மாணவர்களுக்குப் பொருந்தக்கூடியதும் அதுவே. ஃபார்மோட்டரால் என்ற வேகமாக விரிக்கும் மருந்தும் புடெசொனைடு என்ற ஸ்டீராய்டும் சேர்ந்த ஒரே இன்ஹேலர் கிடைக்கிறது. லேசான ஆஸ்துமாவுக்கு அதைத் தேவைப்படும்போது மட்டும் எடுக்கும் முறை உண்டு. ஒவ்வொரு முறை திணறலைத் தணிக்கும்போதும் வீக்கத்துக்கான மருந்தும் கூடவே உள்ளே போய்விடும். 2018இல் வெளியான ஒரு பெரிய மருத்துவச் சோதனையில், விரிக்கும் மருந்தை மட்டும் எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் இந்த முறையில் தீவிரமாக மோசமடைவது 64 விழுக்காடு குறைந்திருந்தது. இதையே தினமும் எடுத்து, தேவைப்படும்போதும் எடுக்கும் முறையும் உண்டு. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். மறந்துபோகிறது என்பதை அவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். ஒழுங்காக எடுக்கிறேன் என்று பொய் சொன்னால், மருந்து போதவில்லை என்று நினைத்து அவர் அளவைக் கூட்டுவார்.

ஸ்டீராய்டு என்றாலே பயமாக இருக்கிறது. உடம்பு வீங்கிவிடாதா? எலும்பு தேயாதா?

இந்தப் பயத்தை அலட்சியப்படுத்தக் கூடாது, அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஸ்டீராய்டு மாத்திரையை நீண்ட காலம் எடுத்தால் முகம் உப்பும், எலும்பு வலுவிழக்கும், கண்புரை வரலாம். அதைப் பார்த்தவர்கள் இன்ஹேலரும் அப்படித்தான் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

அளவைப் பாருங்கள். ஆஸ்துமா முற்றிய நேரத்தில் தரும் பிரெட்னிசொலோன் மாத்திரை பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 40 அல்லது 50 மில்லிகிராம். புடெசொனைடு இன்ஹேலரின் குறைந்த அளவு ஒரு நாளைக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராமில் ஆயிரம் மைக்ரோகிராம். மருந்து வேறு, வீரியம் வேறு என்பதால் இதை நேர்க் கணக்காகப் போட முடியாது. ஆனாலும் இன்ஹேலரில் மிகச் சிறிய அளவு நேரே நுரையீரலுக்குப் போகிறது, இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு என்பது இதிலிருந்து புரியும். குறைந்த அளவில் வரக்கூடிய தொந்தரவுகள் குரல் கம்முவதும் வாயில் வெள்ளைப் பூஞ்சை படிவதும். இழுத்த பின் வாய் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

இன்ஹேலருக்குப் பயந்து விட்டுவிட்டவர்தான் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மோசமாகி, ஸ்டீராய்டு மாத்திரை விழுங்க வேண்டிய நிலைக்கு வருகிறார். எதற்குப் பயந்தாரோ அதையே அதிக அளவில் எடுக்க நேர்கிறது.

உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளர்க்க எடுக்கும் ஸ்டீராய்டு வேறு வகை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இன்ஹேலருக்கு அடிமையாகிவிடுவோமா? மாத்திரை, சிரப் பாதுகாப்பானதா?

அடிமையாக்கும் தன்மை இன்ஹேலர் மருந்துகளுக்கு இல்லை. அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள். மூக்குக் கண்ணாடி போடுபவரைக் கண்ணாடிக்கு அடிமை என்று யாரும் சொல்வதில்லை.

மாத்திரை பாதுகாப்பானது என்ற நம்பிக்கை தலைகீழானது. சால்ப்யூட்டமால் இன்ஹேலரின் ஒரு பஃப், அதாவது ஒரு தடவை அடிப்பது, 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் 4 மில்லிகிராம் மாத்திரை அதைப்போல் 40 மடங்கு. வயிறு, இரத்தம் எல்லாம் சுற்றிக்கொண்டுதான் மாத்திரை நுரையீரலுக்கு வருகிறது. கை நடுக்கமும் படபடப்பும் அதில்தான் அதிகம்.

இன்ஹேலர் எடுத்தும் கேட்கவில்லை. மருந்தை மாற்ற வேண்டுமா?

முதலில் எடுக்கும் முறையைச் சரிபாருங்கள். இன்ஹேலர் பயன்படுத்துவோரில் மிகப் பெரும்பாலோர் தவறாகத்தான் எடுக்கிறார்கள், அது அவர்களுக்குத் தெரிவதும் இல்லை.

அழுத்தி அடிக்கும் வகை என்றால் குலுக்குங்கள். மூச்சை முழுக்க வெளியே விடுங்கள். உதட்டால் வாய்ப்பகுதியை இறுக மூடிக்கொண்டு மெதுவாக இழுக்கத் தொடங்கி, தொடங்கிய உடனேயே அழுத்துங்கள். நிதானமாக இழுத்து முடித்துப் பத்து நொடி அடக்கி வையுங்கள். அடுத்த பஃப் எடுக்கும் முன் மறுபடி குலுக்க வேண்டும். பொடி வகை இன்ஹேலரில் நேர்மாறு: வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும், குலுக்கவும் கூடாது, அதற்குள் மூச்சு விடவும் கூடாது. ஒன்றின் பழக்கத்தில் மற்றொன்றை எடுப்பதால்தான் மருந்து தொண்டையோடு நின்றுவிடுகிறது.

அழுத்தும் நேரமும் இழுக்கும் நேரமும் ஒத்துவரவில்லை என்றால் ஸ்பேசர் என்ற குடுவையை மாட்டிக்கொள்ளலாம். அது குழந்தைகளுக்கானது என்று கூச்சப்படும் மாணவர்கள் உண்டு. எந்த வயதினருக்கும் அதில் மருந்து நன்றாக உள்ளே போகும், தொண்டையில் படிவதும் குறையும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது உங்கள் இன்ஹேலரைக் கையோடு கொண்டுபோய் அவர் முன்னால் எடுத்துக் காட்டுங்கள்.

எல்லோர் முன்னாலும் இன்ஹேலர் எடுக்கக் கூச்சமாக இருக்கிறது.

இந்தக் கூச்சம் உங்களுக்கு மட்டும் இல்லை. தடகள வீராங்கனை ஜாக்கி ஜாய்னர் கெர்சி அமெரிக்காவில் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, 18 வயதில், அவருக்கு ஆஸ்துமா என்று கண்டறிந்தார்கள். தன்னை அணியிலிருந்து ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்து அவர் அதை மறைத்தார். மருந்தையும் ஒழுங்காக எடுக்கவில்லை. பிறகு அவரே இதைப் பொதுவெளியில் பலமுறை சொல்லியிருக்கிறார். நோயை ஏற்றுக்கொண்டு மருத்துவம் செய்துகொண்டவர் 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஹெப்டத்லான் என்ற ஏழு விளையாட்டுப் போட்டியில் 7,291 புள்ளிகள் எடுத்தார். அந்த உலக சாதனை முப்பது ஆண்டுகளைத் தாண்டியும் நின்றது.

அவருக்கு இருந்தது சோம்பலோ அறியாமையோ இல்லை. பலவீனமானவர் என்று பெயர் வந்துவிடும் என்ற பயம். கல்லூரியிலும் அதே பயம்தான். "எப்பப் பார்த்தாலும் ஊதிக்கிட்டு இருக்கான்" என்று ஒருவர் சிரித்துவிட்டால் போதும், அந்த மாணவர் அடுத்த முறை கழிப்பறைக்குள் போய்த்தான் எடுப்பார். அதற்கடுத்த முறை எடுக்காமலே இருந்துவிடுவார். ஆகவே இந்த விடை ஆஸ்துமா இல்லாதவர்களுக்கும்தான். ஒருவர் இன்ஹேலர் எடுக்கும்போது பேச்சை நிறுத்தி உற்றுப் பார்க்காதீர்கள், பரிதாபப்படாதீர்கள். பேச்சு அதன் பாட்டுக்குப் போகட்டும்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஒன்று சொல்வேன். எல்லோரிடமும் அறிவிக்க வேண்டிய அவசியம் இல்லை. உடன் தங்குபவர், நெருங்கிய நண்பர் ஒருவர், விடுதிக் காப்பாளர் ஆகியோருக்கு உங்கள் இன்ஹேலர் எங்கே இருக்கும் என்று தெரிந்திருந்தால் போதும்.

விளையாடலாமா? ஓடினால்தான் எனக்கு வருகிறது.

விளையாடலாம், விளையாட வேண்டும். ஓட்டம் முடிந்த சில நிமிடங்களில் இருமலும் இறுக்கமும் வருவது பலருக்கு உண்டு. வேகமாக மூச்சு வாங்கும்போது குளிர்ந்த, வறண்ட காற்று குழாய்களை உலர வைப்பதால் அப்படி ஆகிறது. பத்து நிமிடம் படிப்படியாக உடலைச் சூடேற்றிக்கொண்டு தொடங்கினால் குறையும். விளையாட்டுக்கு முன் எடுக்க வேண்டிய மருந்தை மருத்துவர் சொல்வார். தடுப்பு மருந்து ஒழுங்காகப் போனால் பலருக்கு அந்தத் தேவையும் குறைந்துவிடும். மாரத்தானில் 2003இல் 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் ஓடி உலக சாதனை படைத்த பவுலா ராட்கிளிஃபுக்கும் ஆஸ்துமா உண்டு.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கு: ஆஸ்துமா என்று சொன்ன மாணவரை ஓரமாக உட்கார வைப்பது அக்கறை ஆகாது. இருமிக்கொண்டே ஓடுபவரை "இன்னும் ஒரு சுற்று" என்று விரட்டுவதும் கூடாது.

விடுதி அறையிலும் ஆய்வகத்திலும் எதைக் கவனிக்க வேண்டும்?

மெத்தையும் தலையணையும் தூசிப்பூச்சியின் வீடு. முந்தைய மாணவர் விட்டுப்போன பழைய மெத்தை என்றால் சொல்லவே வேண்டாம். உறைகளை வாரம் ஒரு முறை 60 டிகிரி சூட்டு நீரில் துவைத்தால் பூச்சி சாகும். சுவரில் கறுப்பாகப் படியும் பூஞ்சையை நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்; அது அழகுப் பிரச்சினை இல்லை. கரப்பான் பூச்சி, கொசுவத்திப் புகை, அறை முழுக்க அடிக்கும் வாசனை ஸ்பிரே ஆகியவையும் பலருக்கு ஆகாது. உங்களுக்கு எது ஆகாது என்று கவனித்து அதை மட்டும் விலக்குங்கள். கண்டதையெல்லாம் விலக்கினால் வாழ முடியாது.

உயிரியல், மருந்தியல் மாணவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. எலி, முயல் போன்ற ஆய்வக விலங்குகளின் சிறுநீரிலும் முடியிலும் உள்ள புரதத்தால் ஒவ்வாமை வரும். மூக்கில் நீர் ஒழுகுவதில் தொடங்கி ஆஸ்துமாவில் போய் முடியலாம். ஆய்வக நாட்களில் மட்டும் இருமல் வந்து விடுமுறையில் நின்றுவிடுகிறது என்றால் உடனே சொல்லுங்கள். முகக்கவசமும் காற்றோட்டமும் கேட்பது உங்கள் உரிமை.

சிகரெட் கூடாது, தெரியும். வேப் (மின் சிகரெட்) பிடிக்கலாமா?

கூடாது. இரண்டும் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். சிகரெட் இன்னொன்றும் செய்கிறது: உள்ளிழுக்கும் ஸ்டீராய்டின் பலனைக் குறைத்துவிடுகிறது. பக்கத்தில் ஒருவர் புகைத்தாலும் திணறல் வரலாம் என்பதால் ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் அறையில் புகைக்காதீர்கள்.

வேறு நோய்க்கு மாத்திரை போடும்போது பார்க்க வேண்டியது உண்டா?

உண்டு, இதைப் பல மாணவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. மேடைப் பேச்சு, வாய்மொழித் தேர்வு ஆகியவற்றுக்கு முன் படபடப்பு குறைய நண்பர்கள் கைமாற்றிக்கொள்ளும் புரோபிரனலால் மாத்திரையை ஆஸ்துமா உள்ளவர் தொடவே கூடாது. மூச்சுக்குழாயைத் திறந்து வைக்கும் அதே ஏற்பிகளை, அதாவது நிவாரண மருந்து ஒட்டி வேலை செய்யும் இடங்களை, அது அடைக்கிறது. கடுமையான திணறலில் கொண்டுபோய் விடலாம், அந்த நேரம் நிவாரண இன்ஹேலரும் சரியாக வேலை செய்யாது.

ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன் போன்ற வலி மாத்திரைகள் ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு ஆகாது. மூக்கில் பாலிப் என்ற சதை வளர்ச்சி இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். முன்பு எடுத்து ஒன்றும் ஆகவில்லை என்றால் வீண் பயம் வேண்டாம்.

வகுப்பில் ஒருவருக்குத் திணறல் வந்துவிட்டது. நான் என்ன செய்ய வேண்டும்?

நிமிர்ந்து உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்குங்கள். அவருடைய நிவாரண இன்ஹேலரை எடுத்துக் கொடுங்கள். ஆஸ்திரேலியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தரும் நான்கு நான்கு முறை நினைவில் நிற்க எளிது. சால்ப்யூட்டமாலை ஸ்பேசரில் ஒரு பஃப் அடித்து நான்கு மூச்சு, இப்படி நான்கு பஃப். நான்கு நிமிடம் பொறுங்கள். குறையாவிட்டால் ஆம்புலன்சை அழைத்துவிட்டு, அது வரும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள்.

ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, கழுத்துத் தசை இழுத்து இழுத்து வாங்குகிறது, மயக்கம் வருகிறது என்றால் நான்கு நிமிடமும் காத்திருக்காதீர்கள், உடனே அழையுங்கள். விசில் சத்தம் திடீரென நின்றுபோய் ஆள் சோர்ந்திருந்தால் குணமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். காற்றே போகாத நிலையாக இருக்கலாம். அவரைத் தனியாகக் கழிப்பறைக்கோ அறைக்கோ அனுப்பக் கூடாது.

அவரிடம் இன்ஹேலர் இல்லையென்றால் வேறொருவருடைய நிவாரண இன்ஹேலரைக் கொடுக்கலாம். சாதாரண நாட்களில் பகிர்ந்துகொள்ளக் கூடாது, இது அவசரம்.

அது ஆஸ்துமாவா, பதற்றத் தாக்குதலா என்று எப்படித் தெரியும்?

வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது கடினம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஆஸ்துமா உள்ளவர் என்று தெரிந்தால் ஆஸ்துமா என்றே எடுத்துக்கொண்டு இன்ஹேலர் கொடுங்கள். பதற்றமாகவே இருந்தாலும் சில பஃப் சால்ப்யூட்டமால் கெடுதல் செய்வது அரிது. காகிதப் பையில் மூச்சுவிடச் சொல்வது மட்டும் கூடவே கூடாது.

காபி குடித்தால் சரியாகும் என்கிறார்களே?

கஃபீன் மூச்சுக்குழாயைக் கொஞ்சம் விரிப்பது உண்மை. பலன் சிறியது, இன்ஹேலருக்கு மாற்றாகாது. ஸ்பைரோமெட்ரி செய்யும் நாளில் காபியைத் தவிருங்கள், முடிவு மாறிவிடும்.

எனக்கு ஆஸ்துமா இல்லை, தும்மல் மட்டும்தான். இதெல்லாம் எனக்கு எதற்கு?

2016 நவம்பர் 21 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் இடியுடன் புயல் அடித்தது. புல் மகரந்தம் ஈரத்தில் வெடித்துப் பொடிப்பொடியாகக் காற்றில் பரவியது. ஆயிரக்கணக்கானோர் திணறலோடு மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அதுவரை ஆஸ்துமா இருப்பதாகவே தெரியாது, ஒவ்வாமைத் தும்மல்தான் இருந்தது. மூக்கும் நுரையீரலும் ஒரே பாதை. தும்மலோடு இருமலோ இளைப்போ சேர்ந்து வந்தால் ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

என் ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கிறதா என்று நானே பார்க்க முடியுமா?

கடந்த நான்கு வாரங்களை நினைத்துப் பாருங்கள். வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் பகலில் தொந்தரவு இருந்ததா? இரவில் ஒரு தடவையாவது ஆஸ்துமாவால் விழித்தீர்களா? நீல இன்ஹேலர் வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டதா? ஆஸ்துமாவுக்காக எதையாவது செய்யாமல் விட்டீர்களா? நான்குக்கும் இல்லை என்றால் கட்டுக்குள் இருக்கிறது. ஒன்று அல்லது இரண்டுக்கு ஆம் என்றால் அரைகுறை. மூன்று அல்லது நான்கு என்றால் கட்டுக்குள் இல்லை, தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

நான்காவது கேள்விக்கு மாணவர்கள் அவசரமாக "இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். மாடியில் நடக்கும் வகுப்புக்கு லிஃப்டில் மட்டுமே போவது, சுற்றுலாவுக்கு வரவில்லை என்று சாக்குச் சொல்வது, சத்தமாகச் சிரிக்காமல் அடக்கிக்கொள்வது எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

மோசமாகும்போது எந்த மருந்தை எவ்வளவு கூட்டுவது, எப்போது மருத்துவமனைக்குப் போவது என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி மருத்துவரைக் கேளுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து, உடன் தங்குபவருக்கும் அனுப்பி வையுங்கள்.

இன்ஹேலர் தீர்ந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? குலுக்கினால் சத்தம் வருகிறதே?

சத்தம் வருவது மருந்து தீர்ந்த பின்னும் மிஞ்சியிருக்கும் உந்துவாயுவாக இருக்கலாம். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதும் நம்பத்தக்கதில்லை. எண் காட்டும் இன்ஹேலர் என்றால் அதைப் பாருங்கள். இல்லையென்றால் தொடங்கிய தேதியை மேலே எழுதி ஒட்டுங்கள். 200 பஃப் உள்ள நீல இன்ஹேலர் ஆண்டுக்கு மூன்றோ அதற்கு மேலோ காலியானால் ஆஸ்துமா மோசமடையும் அபாயம் கூடியிருக்கிறது. நான்காவதை வாங்க மருந்துக்கடைக்குப் போகும் முன் மருத்துவரிடம் போங்கள்.